தண்ணீரை வடித்தால் மட்டும் போதாது: குளிர்காலத்துக்கு முன் கேரவனில் செய்ய வேண்டியவை

பிரிட்டனில் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைப்பார்கள். கேரவன் வைத்திருப்பவர்கள் அந்த நாளையே கெடுவாக வைத்துக்கொள்ளலாம்: அதற்குள் வண்டியில் இருக்கும் தண்ணீர் முழுவதையும் வெளியே எடுத்துவிட வேண்டும். பனி கொட்ட ஆரம்பிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நவம்பரில் மேகமே இல்லாத ஏதோ ஒரு இரவில், நீங்கள் வீட்டில் போர்த்திக்கொண்டு தூங்கும் நேரத்தில், வெளியே மைனஸ் 3, மைனஸ் 4 டிகிரி வரை இறங்கியிருக்கும். அந்த ஒரு இரவு போதும்.

நான் சொல்வது படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் கேரவனை இல்லை. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற, உள்ளே படுக்கை, அடுப்பு, ஷவர், டாய்லெட் எல்லாம் இருக்கிற சின்ன வீடு. அதில் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி, முதல் கோடையைச் சந்தோஷமாக ஓட்டிவிட்டு, முதல் குளிர்காலத்தை எதிர்நோக்கி நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரும்பாலானவர்கள் வடிகால் வால்வைத் திறந்துவிடுகிறார்கள், தண்ணீர் கொட்டுகிறது, நின்றுபோகிறது, முடிந்தது என்று பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். கேரவனை உடைப்பது அப்படி வடிந்துபோன தண்ணீர் இல்லை. வடியாமல் மூலை முடுக்குகளில் தங்கிவிட்ட அரை டம்ளர், கால் டம்ளர் தண்ணீர்தான். அது எங்கெங்கே தங்கும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

உள்ளே தண்ணீர் போகும் வழி

பிரிட்டனில் ஓடும் பெரும்பாலான கேரவன்களில் நல்ல தண்ணீர் வண்டிக்கு வெளியேதான் இருக்கும். அக்வாரோல் என்று எல்லோரும் சொல்கிற 40 லிட்டர் பீப்பாய், தரையில் உருட்டிக்கொண்டு போய்க் குழாயடியில் நிரப்பிக்கொண்டு வரலாம். அதற்குள் ஒரு சின்ன மூழ்கு பம்பை இறக்கி, அதன் மறுமுனையை வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் இணைப்பில் செருக வேண்டும். உள்ளே போன தண்ணீர் பல வண்டிகளில் ஒரு ஃபில்டரைக் கடந்து, அங்கிருந்து இரண்டாகப் பிரியும். ஒரு கிளை குளிர்ந்த தண்ணீராகவே சமையல் சிங்க், வாஷ்பேசின், ஷவர் என்று போகும். இன்னொன்று வாட்டர் ஹீட்டருக்குள் நுழைந்து சூடாகி வெளியே வந்து, முதல் பைப்புக்குப் பக்கத்திலேயே அதே இடங்களுக்கு ஓடும். சீட்டைத் தூக்கிப் பார்த்தால் விரல் பருமனில், பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பைப்புகள் தெரியும். நீலம் குளிர்ந்த தண்ணீருக்கு, சிவப்பு வெந்நீருக்கு.

கழிவுநீர் வேறு பாதை. சிங்கிலிருந்தும் ஷவரிலிருந்தும் இறங்கும் தண்ணீர் வண்டியின் தரைக்கு அடியில், சுருக்கம் சுருக்கமாக வளையும் ஒரு பிளாஸ்டிக் பைப் வழியாக வெளியே வந்து, தரையில் வைத்திருக்கும் ஒரு தட்டையான கழிவுநீர்த் தொட்டியில் விழும். டாய்லெட் இரண்டோடும் சேராது. அதற்கென்று ஒரு பெட்டி, கேசட் என்பார்கள், வெளிப்பக்கச் சின்னக் கதவைத் திறந்து இழுத்து எடுத்துக் கொட்டிவிட்டு வர வேண்டும். ஆக நல்ல தண்ணீர், கழிவுநீர், டாய்லெட் என்று மூன்று தனித்தனி விஷயங்கள். மூன்றையும் ஒரே மூச்சில் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் ஒவ்வொன்றாக முடிப்பது நல்லது.

பைப் ஏன் வெடிக்கிறது

தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். திறந்த வாளியில் உறைந்தால் மேற்பரப்பு கொஞ்சம் உயரும், அவ்வளவுதான். மூடிய இடத்தில் உறைந்தால் கதை வேறு. பைப்பில் ஏதோ ஓர் இடத்தில் முதலில் பனிக்கட்டி உருவாகி அடைத்துக்கொள்ளும், அது வளர வளர, அதற்கும் மூடியிருக்கும் குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் போகும். கேரவன் பம்ப் தரும் அழுத்தம் 1 முதல் 2 பார்தான் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). பைப்பும் குழாயும் அதையொட்டித்தான் செய்யப்பட்டிருக்கின்றன. போக்கிடம் இல்லாமல் உறைகிற தண்ணீர் நூற்றுக்கணக்கான பார் வரை அழுத்தத் துணியும். அதனால்தான் பனிக்கட்டி இருக்கும் இடம் ஒன்றாகவும் உடையும் இடம் வேறாகவும் இருக்கும், குளிர்காலம் முழுக்கக் குழாய்களைத் திறந்தே வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

உடைவது எப்போதும் பைப்தான் என்று நினைக்க வேண்டாம். பிளாஸ்டிக் பைப் ஓரளவு நெளிந்து கொடுக்கும். நெளியாதவைதான் முதலில் போகும்: மிக்ஸர் குழாயின் (வெந்நீரும் குளிர்ந்த தண்ணீரும் கலந்து வரும் ஒற்றைக் குழாய்) உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ், ஃபில்டர் கூடு, பம்பின் மூடி, ஹீட்டரோடு சேர்ந்த வால்வு. அதிலும் மிக்ஸர் குழாயில் விழும் விரிசல் தலைமுடி அளவுதான் இருக்கும், குளிர்காலம் முழுக்கக் கண்ணில் படாது. ஈஸ்டருக்குக் கிளம்பிப் போய்ப் பம்பைப் போட்டதும் அலமாரிக்குள் புகையாகத் தண்ணீர் பீய்ச்சும், தரைப் பலகை ஊறிப்போகும். குழாய்க்கு ஆகும் செலவைவிட அந்தத் தரைக்கு ஆகும் செலவு பல மடங்கு.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நிறையப் புது கேரவன்களின் விளம்பரத்தில் 'கிரேடு 3 காப்பு' என்று போட்டிருப்பார்கள். அது ஐரோப்பியத் தரநிலையில் வரும் ஒரு தகுதி: வெளியே மைனஸ் 15 டிகிரி இருக்கும்போது உள்ளே 20 டிகிரி வரை சூடாக்க முடியும், தண்ணீர் அமைப்பும் வேலை செய்யும். நல்ல விஷயம்தான், ஆனால் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது. யாரும் இல்லாமல், ஹீட்டர் அணைந்து, ஏதோ ஒரு நிறுத்துமிடத்தில் வாரக்கணக்கில் நிற்கிற வண்டிக்கு அந்தக் காப்பு கொஞ்சம் தாமதத்தைத்தான் தரும், உள்ளேயும் வெளியேயும் குளிர் கடைசியில் ஒன்றாகிவிடும். 2010 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஆல்ட்னஹாராவில் மைனஸ் 21 டிகிரிக்கும் கீழே போனது. 2021 பிப்ரவரியில் பிரேமாரில் மைனஸ் 23. லண்டன் பக்கம் அப்படிப் போகாது, உண்மைதான், ஆனால் பைப்புக்கு மைனஸ் 23 தேவையே இல்லையே.

உள்ளே ஒரு சின்ன மின்சார ஹீட்டரைப் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். உள்ளே இருப்பதை அது காக்கலாம், தரைக்கு அடியில் ஓடும் பைப்பையும் வெளிப்பக்க இணைப்பையும் காக்காது. மின்சாரம் ஒரு இரவு நின்றுபோனால் அதுவும் போச்சு.

வடிக்கும் வேலை

முதலில் வாட்டர் ஹீட்டரை அணைத்துவிடுங்கள், கேஸ், மின்சாரம் இரண்டிலும். உள்ளே இருக்கும் தண்ணீர் 60, 70 டிகிரி சூட்டில் இருக்கலாம், அது ஆறட்டும். இதற்கு அவசரப்படவே கூடாது, கொதிநீர் காலில் கொட்டிய கதைகள் இந்த வேலையில் உண்டு. அப்புறம் பம்பின் சுவிட்சை அணைத்து, மூழ்கு பம்பைக் கழற்றி, பீப்பாயைக் கவிழ்த்துவிடுங்கள். பம்பை நன்றாக உதறி, தலைகீழாகப் பிடித்து வடித்து, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவது நல்லது.

அடுத்து எல்லாக் குழாய்களையும் திறங்கள். இதை வடிகால் வால்வைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். ஸ்ட்ராவின் மேல் முனையை விரலால் மூடிக்கொண்டால் உள்ளே இருக்கும் ஜூஸ் கீழே இறங்காது, இல்லையா, அதேதான் இங்கேயும்: மேலே காற்று நுழைய வழி இருந்தால்தான் கீழே தண்ணீர் இறங்கும். மிக்ஸர் குழாயாக இருந்தால் கைப்பிடியை நடுவில், சூடும் குளிர்ச்சியும் சேரும் இடத்தில், முழுக்கத் தூக்கி வையுங்கள். ஒரு பக்கமாகத் திருப்பி வைத்தால் மறுபக்கப் பாதை மூடியே இருக்கும், அதில் தண்ணீர் அப்படியே நிற்கும். மிக்ஸர்கள் குளிர்காலத்தில் உடைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன், திறந்துதானே வைத்தோம் என்று எல்லோரும் ஏமாந்துபோகிற இடம்.

இப்போது ஹீட்டரின் வடிகால் வால்வு. ட்ரூமா அல்ட்ராஸ்டோர் மாதிரி ஹீட்டர்களில் அது சீட்டுக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ ஹீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறச் சின்ன நெம்புகோலாக இருக்கும். படுத்திருந்தால் மூடியிருக்கிறது, நிமிர்த்தினால் திறந்துகொள்ளும். நிமிர்த்தியதும் வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டும். அந்த இடத்தில் ஒரு வாளியை வைத்துப் பிடியுங்கள், எல்லோரும் தாண்டிப்போகிற ஆனால் ரொம்பப் பயன்படுகிற சோதனை இது: அல்ட்ராஸ்டோரில் 10 லிட்டர், 14 லிட்டர் என இரண்டு அளவு உண்டு, உங்களுடையது 10 லிட்டர் என்றால் வாளியிலும் கிட்டத்தட்ட அவ்வளவு விழ வேண்டும். 6 லிட்டரோடு நின்றுபோனால் மீதி உள்ளேதான் இருக்கிறது. எங்கோ ஒரு வெந்நீர்க் குழாய் மூடியிருக்கும், இல்லையென்றால் வடிகால் வாயில் சேறோ சுண்ணாம்புப் படிவோ அடைத்திருக்கும்.

ட்ரூமா காம்பி வகை ஹீட்டர்களில் ஃப்ராஸ்ட் கன்ட்ரோல் என்று ஒரு வால்வு உண்டு. அதன் அருகே வெப்பநிலை சுமார் 3 டிகிரிக்குக் கீழே போனால் மின்சாரம் எதுவும் இல்லாமலேயே தானாகத் திறந்து ஹீட்டரைக் காலி செய்துவிடும். அருமையான ஏற்பாடு, ஆனால் அது காப்பது ஹீட்டரை மட்டுமே. குழாய்களில், பைப்புகளில் நிற்கும் தண்ணீருக்கு அது பொறுப்பில்லை. 7 டிகிரிக்கு மேல் போகும்வரை அந்த வால்வை மூட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். மார்ச் மாதக் குளிரில் குமிழை அழுத்த அழுத்த வெளியே வருகிறதே, கெட்டுவிட்டதோ என்று பயப்படுவார்கள், வண்டியின் உள்ளே முதலில் சூடாக்கினால் ஒழுங்காக மூடிக்கொள்ளும்.

ஆல்டே ஹீட்டர் இருக்கும் வண்டிகளில் ரேடியேட்டர்களுக்குள் ஓடுவது கிளைகால் கலந்த திரவம். அதை வடிக்கக் கூடாது, அது உறையாமல் இருப்பதற்காகவே இருக்கிறது. சாதாரணத் திரவத்தை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், நீண்ட ஆயுள் வகையை 5 ஆண்டு வரை விடலாம். அந்தத் திரவம் சூழ்ந்திருக்கும் வெந்நீர்த் தொட்டி மட்டும் தனி, சுமார் 8 லிட்டர். அதற்கும் வடிகால் வால்வு உண்டு, அதைத் திறந்து வடித்தே ஆக வேண்டும்.

சரி, வடிந்து முடிந்ததா? இனிமேல்தான் நான் முதலில் சொன்ன மூலை முடுக்கு வேலை. ஷவர் தலையைக் கழற்றி உதறி, ஹோஸை ஷவர் தட்டில் தாழ்வாகக் கிடத்துங்கள். கொக்கியில் மாட்டி வைத்தால் வளைவில் தண்ணீர் நிற்கும். ஃபில்டர் கூட்டைத் திருகிக் கழற்றுங்கள், கீழே ஒரு துணி வைத்துக்கொண்டு, ஏனென்றால் எல்லாம் வடிந்துவிட்டது என்று நினைத்த பிறகும் அந்தக் கூட்டிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் விழும். அதற்குள் இருக்கும் ஃபில்டர் கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட்டுவிடலாம், ஈரத்தோடு ஆறு மாதம் இருந்த கார்ட்ரிட்ஜ் வழியாக வரும் தண்ணீரைக் குடிக்கத் தேவையில்லை. வெளிப்பக்கம் ஷவர் இணைப்பு இருக்கும் வண்டி என்றால் அதையும் திறந்து வையுங்கள், உள்ளேயே நின்று வேலை பார்ப்பதால் அது பலருக்கு நினைவுக்கே வராது. தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போகாமல் தடுக்கும் ஒருவழி வால்வு சில வண்டிகளில் நுழைவாய் அருகே இருக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் பைப் தானாக வடியாது. அங்கே தனி வடிகால் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள்.

அடுத்து வண்டியைச் சாய்க்க வேண்டும். முன்னால் இருக்கும் ஜாக்கி சக்கரத்தைச் சுற்றி மூக்கை நன்றாகக் கீழே இறக்கிக் கொஞ்ச நேரம் விடுங்கள், பிறகு அதே மாதிரி உயரத் தூக்கி விடுங்கள். அதற்கு முன், வண்டி ஆடாமல் இருக்க நான்கு மூலையிலும் இறக்கி வைக்கும் கால்களை மேலே ஏற்றியிருக்க வேண்டும், கைப்பிரேக் போட்டிருக்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும், உள்ளே யாரும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு முறை சாய்க்கும்போதும் பைப்பின் பள்ளங்களில் கிடந்த தண்ணீர் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். முற்றிலும் வடிந்துவிட்டது என்று தோன்றிய வண்டியிலிருந்து இப்படி மளமளவென்று இன்னொரு தடவை கொட்டுவதைப் பார்த்தால்தான் இந்தக் கட்டுரையை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று புரியும்.

இதற்கு மேலும் உறுதி வேண்டும் என்றால் காற்றடித்து வெளியேற்றலாம். நுழைவாய் இணைப்பில் மாட்டிக்கொண்டு டயருக்குக் காற்றடிக்கும் பம்பால் மெதுவாக ஊதித் தள்ளும் சின்ன அடாப்டர் கடைகளில் கிடைக்கிறது. குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து, தூரத்தில் இருப்பதில் ஆரம்பித்து, வெறும் காற்று வரும்வரை ஊத வேண்டும். அழுத்தம் குறைவாக இருக்கட்டும், பட்டறையில் இருக்கும் பெரிய கம்ப்ரஸரை முழு வேகத்தில் மாட்டிவிட்டு இணைப்புகள் பிய்த்துக்கொண்டால் உறைபனியைக் குறை சொல்ல முடியாது.

எல்லாம் முடிந்ததும் குழாய்கள் நடுநிலையில் திறந்தபடியே, வடிகால் வால்வு திறந்தபடியே, வசந்தம்வரை இருக்கட்டும். பம்ப் சுவிட்சின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி 'வால்வு திறந்திருக்கிறது' என்று எழுதி வையுங்கள்.

கழிவுநீர், டாய்லெட்

கழிவுநீர் பைப்பில் உறைபனி ஆபத்து குறைவு, இரு முனையும் திறந்திருப்பதால். அங்கே பிரச்சினை நாற்றம். பாத்திரம் கழுவிய எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் அந்தச் சுருக்கங்களில் ஒட்டிக்கொண்டு, நாலைந்து மாதம் மூடிக் கிடந்தால் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும். நல்ல தண்ணீரை வடிப்பதற்கு முன்பே சூடான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து சிங்க்குகளில் தாராளமாக ஊற்றி ஓட விடுங்கள், பிறகு வெறும் தண்ணீர். சிங்க்குக்கு அடியில் வளைபைப் இருக்கும் வண்டிகளில் அந்த வளைவைக் கழற்றிக் காலி செய்யலாம். கடைசியில் சிங்க், ஷவர் துளைகளை அடைப்பான் போட்டு மூடிவிட்டால் பூச்சியும் குளிர்காற்றும் மேலே வராது. கழிவுத் தொட்டியைக் கழுவி, மூடியைக் கழற்றி வையுங்கள்.

டாய்லெட்டில் இரண்டு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கேசட் ஒன்று, ஃப்ளஷ் தொட்டி இன்னொன்று. கேசட்டைக் கழிவு கொட்டுவதற்கென்றே முகாம்களில் இருக்கும் இடத்தில்தான் கொட்ட வேண்டும், கேசட்டில் ஊற்றும் நீல மருந்து கலந்த கழிவை வேலியோரத்திலோ மழைநீர்க் கால்வாயிலோ கொட்டுவது மிகவும் தவறு. பிறகு ஃப்ளஷ் பட்டனை அழுத்தி அழுத்தி வராமல் போகும்வரை காலி செய்யுங்கள். அப்போதும் அடியில் கொஞ்சம் நிற்கும். தனி ஃப்ளஷ் தொட்டி உள்ள, தெட்ஃபோர்ட் நிறுவனத்தின் கேசட் வகைகள் பலவற்றில் கேசட் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன வடிகால் குழல் இருக்கும், அதை வெளியே இழுத்து மூடியை எடுத்தால் மீதியும் வந்துவிடும். ஃப்ளஷுக்கு வண்டியின் பொதுத் தண்ணீரையே எடுக்கும் மாடல்களும் உண்டு, அவற்றில் எல்லாவற்றையும் வடித்த பிறகு ஃப்ளஷ் பட்டனை ஒருமுறை அழுத்தி அந்தப் பாதையையும் திறந்துவிட வேண்டும்.

கேசட்டின் மேலே நகரும் தகட்டைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கும். அதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், விரலால் தடவினால் வழவழப்பாக, மென்மையாக இருக்க வேண்டும். சொரசொரப்பாக, வெடிப்பு விட்டிருந்தால் மாற்ற வேண்டியதுதான், விலையும் அதிகமில்லை, வேலையும் சுலபம். நன்றாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, காய விட்டு, சீலுக்கென்று விற்கும் சிலிக்கான் எண்ணெய் பூசுங்கள். அது கையில் இல்லை என்றால் ஆலிவ் எண்ணெய் தடவலாம், தயாரிப்பாளரே சொல்வதுதான். வாஸலின் வேண்டாம், ரப்பருக்கு ஆகாது. வீட்டில் பயன்படுத்தும் ப்ளீச்சும் வேண்டாம், சீலைக் காய்ந்துபோக வைக்கும். தகட்டைத் திறந்த நிலையில் வைத்துவிட்டுப் போங்கள், மூடி வைத்தால் மாதக்கணக்கில் அழுந்தி ஒட்டிக்கொண்டு, வசந்தத்தில் இழுக்கும்போது சீல் கிழியும்.

ஆன்டிஃப்ரீஸ் ஊற்றலாமா

அமெரிக்க, கனடிய வீடியோக்களைப் பார்த்தவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி. அங்கே வண்டிகள் பெரியவை, தொட்டிகள் எல்லாம் உள்ளேயே பொருத்தப்பட்டவை, குளிரும் பயங்கரம், அதனால் வடித்த பிறகு பைப்புகளில் இளஞ்சிவப்பு நிற உறையாத் திரவத்தை ஏற்றிவிடுவார்கள். அது ப்ரொப்பிலீன் கிளைகால் கலந்தது, குடிநீர்ப் பைப்புக்கு ஏற்றது. ஹீட்டரை மட்டும் பைபாஸ் வால்வு வைத்து ஒதுக்கிவிடுவார்கள், இல்லையென்றால் 23 லிட்டர் தொட்டியை நிரப்பவே கேன் கேனாகச் செலவாகும். பிரிட்டன் குளிருக்கு ஒழுங்காக வடித்தாலே போதும் என்பது என் கருத்து. ஊற்றியே தீருவேன் என்றால் ஒரே ஒரு விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள்: காருக்கு ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் பெரும்பாலும் எத்திலீன் கிளைகால், அது விஷம். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கார் திரவத்திலும் இளஞ்சிவப்பு உண்டு. கேனில் குடிநீர் அமைப்புக்கு ஏற்றது என்று அச்சடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கடலோரப் பூங்காக்களில் நிரந்தரமாக நிற்கும் பெரிய கேரவன் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அது பூங்காவின் குடிநீர்க் குழாயோடு நேராக இணைந்திருப்பதால் முதலில் வெளிவால்வை மூட வேண்டும், பாய்லருக்குத் தனிக் கவனம் வேண்டும், டாய்லெட் பேசின் வளைவிலும் சிங்க் வளைவுகளிலும் உறையாத் திரவம் ஊற்ற வேண்டும். பல பூங்காக்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு அவர்களே செய்து கொடுக்கிறார்கள், முதல் வருடம் அவர்களிடம் விட்டு, பக்கத்தில் நின்று பார்ப்பது புத்திசாலித்தனம். காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள், வடித்து வைக்காத வண்டிக்கு உறைபனிச் சேதம் தர மாட்டோம் என்ற நிபந்தனை அதில் இருக்கலாம்.

குளிரிலும் போய்த் தங்குபவர்கள்

இவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள், கிறிஸ்துமஸுக்கு மலைப்பக்கம் போய்த் தங்குவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. ஹீட்டர் ஓடும்வரை உள்ளே பயமில்லை, ஆனால் அலமாரிக் கதவுகளை இரவில் கொஞ்சம் திறந்து வையுங்கள், சூடு பைப்புகள் வரை போகட்டும். வெளியே பீப்பாய்க்குக் காப்பு உறை போடலாம், அதைவிட ராத்திரி பம்பைக் கழற்றிப் பீப்பாயை உள்ளே அல்லது முன்கூடாரத்துக்குள் எடுத்து வைப்பதே மேல். பீப்பாய்க்குப் பதில் முகாமின் குழாயிலிருந்து நேரடி இணைப்பு ஹோஸ் போட்டிருந்தால் முதலில் உறைவது அதுதான். கழிவுநீர்த் தொட்டி நிரம்பி உறைந்துவிட்டால் அசைக்கவும் முடியாது, கொட்டவும் முடியாது. அதற்குப் பதில் ஒரு சாதாரண வாளியை வைத்து, ஒரு கைப்பிடி உப்பைப் போட்டு, தினமும் அதற்கான இடத்தில் கொட்டிவிடுங்கள். வெளிப்பைப் பள்ளம் இல்லாமல் நேர்ச்சரிவாக வாளிக்குள் இறங்கட்டும்.

மார்ச் வந்ததும்

வடிகால் வால்வை மூடி, குழாய்களை மூடி, பீப்பாயை நிரப்பி, பம்பைப் போடுங்கள். குளிர்ந்த குழாயைத் திறந்து சீராக ஓடும்வரை விட்டு, பிறகு வெந்நீர்க் குழாய். அது முதலில் காற்றையும் தண்ணீரையும் மாறி மாறித் துப்பும், ஹீட்டர் தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். துப்புவது நின்று ஒரே சீராக வரும்வரை ஹீட்டரைப் போடவே கூடாது, காலித் தொட்டியைச் சூடாக்கினால் மின்சாரக் கம்பிச்சுருள் கருகும். எல்லாவற்றையும் மூடிவிட்டு அமைதியாகக் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அழுத்த சுவிட்சில் ஓடும் பம்ப் என்றால், யாரும் குழாயைத் தொடாமலேயே அவ்வப்போது அது 'டர்ர்' என்று ஒரு விநாடி ஓடி நின்றால் எங்கோ கசிகிறது. காய்ந்த டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு இணைப்பையும் ஒற்றிக்கொண்டே போங்கள், ஈரம் காட்டிக்கொடுக்கும்.

கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு அமைப்பைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும். மாதக்கணக்கில் ஈரமாகக் கிடந்த பைப்பின் உட்புறம் வழுவழுப்பான படலம் சேரும், லெஜியோனெல்லா போன்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையான தண்ணீரில் பெருகும். குழந்தைப் பாட்டில்களுக்குப் பயன்படுத்தும் மில்ட்டன் மாதிரி குளோரின் கரைசலைப் பலர் ஓட விடுகிறார்கள். ஆனால் ட்ரூமா அல்ட்ராஸ்டோர் போலத் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி உள்ள ஹீட்டர்களுக்குக் குளோரின் ஆகாது, அவற்றுக்குக் குளோரின் இல்லாத சுத்திகரிப்பானை வாங்குங்கள். பாக்கெட்டில் சொன்ன நேரம் விட்டு, நல்ல தண்ணீரால் வாசனை போகும்வரை அலசுங்கள். ஷவரை முதல் தடவை திறக்கும்போது தலையைத் தட்டில் கவிழ்த்து, ஜன்னலைத் திறந்து வைத்து, தூவானத்தைச் சுவாசிக்காமல் தள்ளி நில்லுங்கள். லெஜியோனெல்லா நுரையீரலுக்குப் போவது அந்தத் துளிகள் வழியாகத்தான்.

புது ஃபில்டர் கார்ட்ரிட்ஜை எல்லாம் அலசி முடித்த பிறகுதான் போட வேண்டும். முன்பே போட்டுவிட்டால் அதற்குள் இருக்கும் கரி குளோரினை உறிஞ்சிக்கொள்ளும், அதற்குப் பின்னால் இருக்கும் பைப்புகளுக்கு மருந்தே போய்ச் சேராது.